பூங்கொடி பிரித்துக் கழுவிய மவுத் ஆர்கன்

சோலைராஜ் லாரியிலிருந்து விழுந்த அன்று பூங்கொடி தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். 1999ஆம் வருஷத்து ஐப்பசி. கோவில்பட்டியில் விடிந்ததிலிருந்து மழை. திருவனந்தபுரத்துக்குத் தீப்பெட்டி பண்டல் ஏற்றிப் போன லாரியைக் கயத்தாறில் நிறுத்தி, நனைந்துவிடாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்ட மேலே ஏறியிருக்கிறான் சோலைராஜ். கயிறு அறுந்து சரிந்தவன் பின்சக்கரத்தில் விலா மோதி, கரிசல் சகதியில் கிடந்தான். கூட வண்டி ஓட்டிய அழகிரிசாமிதான் அவனை மடியில் போட்டு, வழியில் வந்த ஒரு காரை மறித்து, கோவில்பட்டிக்கே திரும்பக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

நாங்கள் அடுத்தடுத்த வீடு. தகவல் வந்ததும் பூங்கொடியை ஆட்டோவில் கூட்டிப் போனது நான்தான். ஆஸ்பத்திரி வாசலில் அழகிரிசாமி நின்றுகொண்டிருந்தார். வேட்டி, சட்டை, தலைமுடி எல்லாம் சகதி காய்ந்துபோயிருந்தது. பூங்கொடியைப் பார்த்ததும், "மூச்சு இருக்கு தங்கச்சி. உள்ள போ" என்றார். அந்த வார்த்தையைப் பூங்கொடி இன்றுவரை அப்படியே சொல்வாள்.

விலா எலும்புகள் ஒடிந்து அதில் ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. குழாய் வைத்து ரத்தத்தையும் காற்றையும் வெளியே எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடுத்த தொல்லை ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால் வலிக்கிறது என்று சோலைராஜ் மேலோட்டமாகவே மூச்சுவிட்டான். அப்படியே இருந்தால் சளி கட்டும், காய்ச்சல் வரும் என்று எச்சரித்து, உறிஞ்சினால் உள்ளே பந்து ஏறும் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார்கள். அவன் அதைத் தொடவே மாட்டேன் என்றான். வார்டு நர்ஸ் சபிதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பந்து பாதிகூட ஏறாது. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். லாரியில் ஊர் ஊராகச் சுற்றிய மனுசன். ஒரு பந்தைக்கூட ஏற்ற முடியாமல் போனது அவனுக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த லோடு முடிந்து பார்க்க வந்த அழகிரிசாமி, லாரி கேபினிலிருந்த சோலைராஜின் மவுத் ஆர்கனை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கொல்லத்தில் ஒரு கடையில் சோலைராஜ் ஆசைப்பட்டு வாங்கியது அது. வண்டி நிற்கும் இடமெல்லாம் வாசிப்பான். அழகிரிசாமிக்கும் இரண்டு பாட்டு வரும். இருவரும் மாற்றி மாற்றி ஊதுவார்கள். பூங்கொடிக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஊரெல்லாம் எச்சில் பண்ணுத சாமான் என்று வீட்டுக்குள் கொண்டுவரவே விடமாட்டாள். ஆனால் அன்றைக்கு அதைக் கையில் வாங்கியதும் சோலைராஜின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் பார்த்தாள். அவன் அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சபிதா கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டைகளில் என்னென்னவோ அடைத்திருந்தது. தகட்டில் பச்சை பூத்திருந்தது. டீசல் வாடை வேறு. டாக்டரிடம் கேட்டபோது, தையல் பிரித்த பிறகு, வலி பொறுக்கிற அளவுக்கு மெதுவாக வாசிக்கலாம், இழுக்கவும் விடவும் செய்வதால் நல்லதுதான், ஆனால் பந்துக் கருவியை விடக்கூடாது, இந்த அழுக்கோடு இதை வாயில் வைக்கவே கூடாது என்றார். சோலைராஜ் உடனே ஒத்துக்கொண்டான். மவுத் ஆர்கன் கிடைக்கும் என்ற ஆசையில் அன்று சாயங்காலமே பந்தை இன்னும் கொஞ்சம் உயரத்துக்கு ஏற்றினான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பூங்கொடி அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புட்டியைக் கொதிக்கவைத்துக் கழுவிய பழக்கம். அதேபோலச் சட்டியில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சோப்புத்தூள் போட்டு, மவுத் ஆர்கனை முழுசாக உள்ளே போட்டாள். தண்ணீர் கறுத்து வர வர அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே எடுத்தால், தகடுகளுக்கு நடுவே இருந்த மரக்கட்டை தண்ணீரைக் குடித்து உப்பிப்போயிருந்தது. ஓட்டைகளுக்கு இடையே இருந்த மெல்லிய மரச்சுவர்கள் பல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சின்ன ஆணிகள் தெறித்துத் தகடு ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. ஊதிப் பார்த்தாள். உதட்டை மரம் கீறியதுதான் மிச்சம், சத்தம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து, கையை விரித்துக் காட்டிவிட்டு அழுதாள். புதுசு ஒன்று வாங்கி வைத்துவிட்டால் அவனுக்குத் தெரியாதே என்று என் மனைவி சொன்னாள். பூங்கொடி கேட்கவில்லை. நேரே போய்க் கணவனிடம் நீட்டிவிட்டாள். சோலைராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "விடுட்டி. எனக்காவத்தான செஞ்ச. உதட்டுக்கு எதாச்சும் போட்டியா?" என்று கேட்டான்.

திட்டியிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அவன் உதட்டைப் பற்றிக் கேட்டதுதான் அவளை அடுத்த நாள் ஆண்ட்ரூஸ் கடைவரைக்கும் நடக்க வைத்தது.

ஆண்ட்ரூஸ் ஆர்மோனியம் ரிப்பேர் செய்பவர். சுற்றுவட்டாரத்துச் சர்ச்சுகளின் பெடல் ஆர்கன்களையும் அவர்தான் பார்ப்பார். பூங்கொடியைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். அது கிறிஸ்துமஸுக்கு முந்தின சமயம். கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஆர்மோனியப் பெட்டிகள் திறந்து கிடந்தன. அவர் மவுத் ஆர்கனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது தன் தொழில் இல்லை என்றார். ஆனால் உள்ளே இருக்கும் ரீடும் ஆர்மோனிய ரீடும் ஒரே இனம்தான், பித்தளை நாக்கு காற்றில் துடித்துச் சத்தம் போடுவது இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே சரிசெய்ய முடியும், ஆனால் பண்டிகை முடியும்வரை தன்னால் கை வைக்க முடியாது என்றும் சொன்னார். பூங்கொடி நகராமல் நின்றாள். வீட்டில் ஒரு மனுசன் மூச்சு விடுவதற்கு இது வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஆண்ட்ரூஸ் அவள் விரல்களைப் பார்த்தார். "எங்க வேலை பாக்கீங்க?"

"தீப்பெட்டி ஆபீசுல, அண்ணாச்சி. சட்டம் அடுக்குதேன்."

"அப்போ கை நிதானமாத்தான் இருக்கும். இந்தப் பெஞ்சு ஓரத்துல உக்காருங்க. நான் என் வேலையப் பாத்துக்கிட்டே சொல்லுதேன், நீங்க செய்யுங்க. அவசரம் மட்டும் கூடாது."

உட்காருவதற்கு முன்னால் அவள் குழாயடி எங்கே என்று கேட்டு, கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தாள். ஆபீஸ் முழுக்க மருந்துத்தூள் பறக்கும். வாயில் வைக்கிற சாமானில் அது படக்கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. தான் சொல்ல நினைத்த முதல் விஷயம் அதுதான் என்றார் ஆண்ட்ரூஸ்.

மேல்தகடுகளைக் கழற்றியாயிற்று. அடுத்து ரீடு பதித்த தகடுகள். மெல்லிய கத்தியை ஒரே இடத்தில் விட்டு நெம்பினால் தகடு வளைந்துவிடும் என்பதால், இந்த ஓரம் கொஞ்சம் அந்த ஓரம் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னார். வெள்ளைத்துணியில் வைத்துப் பார்த்தபோதுதான் சோலைராஜின் லாரி வாழ்க்கை முழுக்க அதற்குள் இருந்தது தெரிந்தது. கொதிநீர் போய்ச் சேராத இடுக்குகளில் பீடித்தூள், பஞ்சு, கரிசல் புழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டவைத்த மாதிரி கடலைமிட்டாய்ப் பாகு. வாயில் கடலைமிட்டாயை அதக்கிக்கொண்டே வாசித்திருக்கிறான். ஒரு ரீடின் மேல் கடலைப் பருப்பின் தோல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் ஒரு பருப்புகூடச் சிந்தாமல் சாப்பிடுகிற ஆள் என்றாள்.

அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துச் சுரண்டப் போனாள். ஆண்ட்ரூஸ் எழுந்தே வந்துவிட்டார். ஊசி, ஊக்கு, பிளேடு எதுவும் ரீடைத் தொடக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் சுருதி போய்விடும், பிறகு அந்த இடத்திலேயே ஒடியும் என்றார். பிள்ளைகள் கலர் அடிக்கிற மெதுவான பிரஷ் ஒன்றைக் கொடுத்தார். ரீடுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம், மறுபக்கம் சும்மா நிற்கும். பிடிமானத்திலிருந்து நுனியைப் பார்த்துத்தான் பிரஷ் போகவேண்டும். எதிர்த்துப் போனால் மயிர் நுனியில் மாட்டி ரீடைத் தூக்கிவிடும். பாகு இறுகியிருந்த இடங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து இளக்கினாள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். பச்சை பூத்திருந்ததைத் தனியாக ஒரு துணியில் துடைத்து, அந்தத் துணியை அப்போதே தூரப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னார் ஆண்ட்ரூஸ். அது வயிற்றுக்குள் போகக்கூடாத சங்கதி. மேல்தகடுகளை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டாள்.

நடுக்கட்டைதான் பொறுமையைச் சோதித்தது. வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று நிழலில், செய்தித்தாளுக்கு நடுவில், மேலே கனம் ஏற்றிக் காயவைத்தார்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது காய்ந்து முடிய வெகு நாள் ஆனது. பூங்கொடி வேலை முடிந்து வரும் வழியில் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். காய்ந்த பிறகு, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, கட்டையை அதன் மேல் வைத்து ஒரே சீராகத் தேய்த்தாள். நீட்டிய பற்கள் மட்டமாகும்வரை. வார்னிஷ் அடித்தால் தண்ணீர் ஏறாதே என்று அவள் கேட்டதற்கு, வார்னிஷ் எச்சிலில் கரைந்து உள்ளே போகும் என்று சொல்லித் தேன்மெழுகு கொஞ்சம் கொடுத்தார் ஆண்ட்ரூஸ். தெறித்த ஆணிகளுக்குப் பதிலாகக் குட்டித் திருகாணிகளை மட்டும் தானே முடுக்கினார்.

ஊதிப் பார்க்க அவளிடமே கொடுத்தார். பூங்கொடி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஊதினாள். ஒரு ஓட்டை மட்டும் ஊமையாக இருந்தது. அந்த ரீடு முன்னமே ஒடிந்திருந்தது. மற்றவையெல்லாம் பேசின. கூலி கேட்டபோது ஆண்ட்ரூஸ், வேலை செய்தது நீங்கள், என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று சிரித்துவிட்டு ஆர்மோனியத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலை பூங்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் ரிப்பேர் செய்த ஆர்கன் வாசிக்கப்படுவதை முடியும்வரை கேட்டுவிட்டு வந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம். அதை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சோலைராஜ் முதல் நாள் ஒரு இழுப்பு, ஒரு ஊது. அவ்வளவுதான். விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆனால் மறுநாளும் எடுத்தான். காலையில் பந்து, சாயங்காலம் மவுத் ஆர்கன் என்று பூங்கொடி சட்டம் போட்டாள். எங்கள் வீட்டுச் சுவர் வழியாக அவன் மூச்சு நீளுவது எங்களுக்குக் கேட்டது. முதலில் பாட்டு வார்த்தை வார்த்தையாக அறுந்து வரும். தை மாதத்தில் ஒரு அடி முழுசாக வந்தது. பங்குனியில் கழுகுமலைக் கோயில் மலையடிவாரத்தைச் சுற்றி நிற்காமல் நடந்து வந்தான். ஆஸ்பத்திரியில் காட்டியபோது சபிதா அவனைப் பந்துக் கருவியை உறிஞ்சச் சொல்லிப் பார்த்துவிட்டு, பந்து உச்சிக்கு ஏறியதும் டாக்டரை வரச்சொல்லிக் காட்டினாள். லோடு மேல் ஏறுகிற வேலை இனி வேண்டாம் என்றார் டாக்டர். அந்த வருஷமே கழுகுமலை ரூட்டில் ஓடிய ஒரு மினி பஸ்ஸுக்கு டிரைவரானான்.

மவுத் ஆர்கன் பூங்கொடியின் பொறுப்பில் வந்துவிட்டது. வாயைக் கொப்பளிக்காமல் அதைத் தொடக்கூடாது. வாசித்து முடித்ததும் ஓட்டைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி எச்சிலை வடிக்கவேண்டும். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடக்கூடாது. கடலைமிட்டாயைப் பற்றிப் பேச்சே கிடையாது. இதெல்லாவற்றையும்விட முக்கியம், ஒருவர் வாசித்ததை இன்னொருவர் வாயில் வைக்கக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டம்தான் அவளை ஒருநாள் சோதித்துப் பார்த்தது.

2002இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழகிரிசாமி வந்திருந்தார். மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவார். பூங்கொடிக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அந்த இடத்தில் அவரை வைத்திருந்தாள். அன்று ஆள் இளைத்துத் தெரிந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இருமினார். பழைய ஞாபகத்தில் அலமாரியிலிருந்த மவுத் ஆர்கனை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். பூங்கொடி அடுப்படியிலிருந்து வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்ண்ணே" என்றாள்.

அழகிரிசாமி எழுந்தார். போட்டு வைத்த காபியைக் குடிக்கவில்லை. அவர் தெருமுனை தாண்டியதும் சோலைராஜ் வெடித்தான். தன்னை மடியில் போட்டுக் கொண்டுவந்தவனிடம் எச்சில் பார்க்கிறாயா என்று கேட்டான். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. பூங்கொடி அன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது அழவில்லை. அந்த இருமல் சரியில்லை, நான் கயத்தாறில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அழகிரிசாமியின் மனைவி பாலம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அழகிரிசாமி உள்ளே படுத்திருந்தவர், பூங்கொடியின் குரல் கேட்டும் எழுந்து வரவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி பேசினாள்.

"எச்சிக்காவ நான் பிடுங்கலண்ணே. அந்த ஆஸ்பத்திரியில நாள்கணக்கா உக்காந்து, எத்தனையோ இருமலக் கேட்டுட்டேன். நீங்க இருமுனது எனக்குப் பயமாயிருந்துச்சு. எங்க வீட்டு மனுசனுக்கு நுரையீரல்ல ஓட்டை விழுந்து ஆறுனது. அதையும் யோசிச்சேன், இல்லங்கல. ஆனா அவிய இருக்காவன்னா அது உங்களால. நீங்க இப்படி மெலிஞ்சு போறதப் பாத்துக்கிட்டு, காபி குடுத்து அனுப்ப எனக்கு முடியாது. என்கூட வாங்க. சளிய மட்டும் பாத்துருவோம்."

பாலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, என்னிடமும் சொல்லாமல் மறைக்கிறார் என்று அவள் சொன்னதும் அழகிரிசாமி வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

சபிதாவே கூட வந்து அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தாள். காசநோய் என்று தெரிந்தது. ஆரம்பம்தான், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும் என்றார்கள். பாலம்மாளையும் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள், யாருக்கும் தொற்றவில்லை. சோலைராஜ் அதைக் கேட்டுவிட்டு வந்து, அடுப்படியில் பூங்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

இந்த நோய் இருமும் காற்றில்தான் முக்கியமாகப் பரவும், மவுத் ஆர்கனை மட்டும் பிடுங்கி வைத்துப் பிரயோசனமில்லை என்று சபிதா பிறகு விளக்கியிருக்கிறாள். இருந்தாலும் வாயில் வைக்கும் பொருளைப் பகிரக்கூடாது என்பது சரிதான் என்றும் சொன்னாளாம். பூங்கொடி என்னிடம் இதைச் சொல்லும்போது, நான் பயந்தது தப்பான காரணத்துக்கு, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம் என்றாள்.

அழகிரிசாமி மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் லாரிக்குப் போக முடியவில்லை. சோலைராஜ் பஸ் இல்லாத நாட்களில் கயத்தாறு போய், அவர்கள் புஞ்சையில் பாலம்மாளோடு நின்று உளுந்துக்குக் களை எடுத்துவிட்டு வருவான். பூங்கொடி முட்டையும் கடலையுமாகக் கொடுத்தனுப்புவாள். சிகிச்சை முடிந்து, சளியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட அன்று, சோலைராஜ் அவருக்கென்று புதிதாக ஒரு மவுத் ஆர்கன் வாங்கினான். நடுவில் மரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டை உள்ளதாகப் பூங்கொடிதான் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அது தண்ணீரைக் குடிக்காது. அப்போதும் கொதிக்கவைக்கக்கூடாது என்று அழகிரிசாமியிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

2004 தைப்பொங்கலுக்கு அழகிரிசாமி குடும்பம் கோவில்பட்டி வந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து ஆண்கள் இருவரும் ஆளுக்கொன்றாக எடுத்து வாசித்தார்கள். சோலைராஜின் ஊமை ஓட்டை வரும் இடத்தில் அழகிரிசாமி அந்தச் சுரத்தை எடுத்துக் கொடுத்தார். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, அப்படி அமைந்தது. பாட்டு நடுவில் பாலம்மாள் எழுந்து வந்து பூங்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ எங்க வாசப்படிக்கு வரலன்னா..." என்று ஆரம்பித்தாள்.

பூங்கொடி அவளை முடிக்கவிடவில்லை. "மதினி, எனக்கு மொதல்ல மழையில வந்து நின்னது உங்க வீட்டு மனுசன். நான் பஸ்ஸுலதான வந்தேன்" என்றாள்.

பாலம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கையை மட்டும் விடவில்லை.